என் பக்கத்தை வாசித்த முதல் ஆள்

இலங்கை மலைநாட்டில், தலவாக்கலை டவுனில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். லேப் என்றுதான் எல்லோரும் சொல்வோம். சீனி, கொழுப்பு, சிறுநீர் என்று ரிப்போர்ட்டுகள் வரும். அவற்றை உறையில் போட்டு ஒட்டி உரிய ஆளிடம் கொடுப்பது என் வேலை. உரிய ஆள் அல்லாதவர்களும் வருவார்கள். "தங்கச்சி, என் மருமகளுக்கு என்னான்னு வந்திருக்கு, சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்பார் ஒரு மாமியார். கல்யாணம் பேசியிருக்கும் பையனின் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பெண்ணின் சித்தப்பா வருவார். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் கேட்பார்கள். அந்த நாற்காலியில் பல வருஷம் உட்கார்ந்ததில், சிரித்துக்கொண்டு கேட்கிற எவரையும் முதலில் சந்தேகப்படுவது எனக்குப் பழகிவிட்டது. மற்றதெல்லாம் பிறகுதான்.

அப்படிப்பட்ட நான் ஊர் உலகம் எல்லாம் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தைத் தொடங்கினேன்.

லேப்புக்குப் பக்கத்திலேயே ஒரு கொமியூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி எடுப்பது, போனுக்கு ரீலோட் போடுவது, வெளிநாடு போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் அங்கேதான். கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்கிற முறையில் அவரை நாங்கள் நானா என்போம். என் போன் நிறைந்துபோய்ப் படம்கூட எடுக்க முடியாமல் இருந்ததால், பழைய படங்களைக் கணினிக்கு மாற்றித் தரச்சொல்லி ஒரு மத்தியானம் அவரிடம் கொடுத்தேன். அவர் எதையோ திறந்து பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஒங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பி வெச்சிரிக்கீங்களே, கொப்பி நெறைய எழுதுற அளவுக்கு" என்றார்.

போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"வாசிக்கல்ல" என்றார் அவர். "நீளமா இரிந்திச்சி, அதான் கண்ணுல பட்டிச்சி."

பஸ்ஸில் வரும்போது மனதில் ஓடுவதை அப்படி எழுதி வைப்பது என் பழக்கம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு டிவி சுவர் வழியாகக் கேட்பது, மழைக்காலத்தில் காயாத சீருடைகளை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பது, இப்படிச் சின்ன விஷயங்கள். யாருக்கும் அனுப்பியதில்லை. பேஸ்புக்கில் போடலாம்தான். ஆனால் அங்கே என் மாமியாரின் தங்கை முதல் தோட்டத்துச் சங்கத் தலைவர் வரை எல்லோரும் இருக்கிறார்கள்.

"இதையெல்லாம் ஒரு பக்கம் தொறந்து போடேலும்" என்றார் நானா. "ப்ளொக்னு சொல்றது. பேர்கூடப் போடத் தேவல்ல. காசும் இல்ல."

"காசில்லன்னா, சும்மாவா?"

"சும்மாதான்."

"சும்மா ஏன் குடுக்குறாங்க?"

நானா சிரித்தார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் தோட்டத்துக்கு ஒரு வேன் வந்து, வீட்டுக்கு வீடு சவர்க்காரம் சும்மா கொடுத்தது. கொடுத்தவர்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில், பரிசு விழுந்திருக்கிறது, வங்கி விபரம் சொல்லுங்கள் என்று லயம் முழுக்க அழைப்பு வந்தது.

"அதுக்கு கோட் எல்லாம் தெரியணுமாமே?" என்றேன். தப்பிக்கிற வழியாகத்தான் கேட்டேன். உண்மையில் கோட் என்றால் வங்கி அட்டைக்குப் போடுவதுபோல ஏதோ இரகசிய எண் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

"ஒண்டும் தெரியத் தேவல்ல. எழுதத் தெரியுந்தானே, அது போதும்."

ஒரு வாரம் யோசித்தேன். பிறகு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் போய் அவருடைய கணினி முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்துக்கு ஒரு பெயர் கேட்டது. முதலில் கொடுத்த பெயரை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம். அதுவே எனக்கு உறுத்தியது. என் மனதில் இருந்த பெயர் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது பெயர் கிடைத்தது. போன் நம்பர் கேட்ட இடத்தில் கையை எடுத்துவிட்டேன். "இத விட்டுட்டுப் போகலாமா?" என்றேன். போகலாம் என்று அந்தக் கட்டத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்ததை நானா காட்டினார். போகலாம் என்பதை ஏன் அவ்வளவு சின்னதாக எழுத வேண்டும்?

பிறகு பக்கத்துக்கு உடுப்புப் போடுவதுபோல வடிவங்கள் வந்தன. நான் தேர்ந்தெடுத்த வடிவத்தின் தலைப்பில் பனி மூடிய மலை ஒன்று நின்றது. எங்கள் மலை இல்லை. எப்படி எடுப்பதென்று தெரியாமல் அதையே விட்டுவிட்டேன். யாராவது பார்த்தாலும் எழுதுவது வேறு நாட்டு ஆள் என்று நினைக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வேலைக்கு வரும்போது போனிலேயே முதல் பதிவை எழுதத் தொடங்கினேன். பாதியில் விரல் எங்கோ பட்டு, நான் எழுதியதற்கு நடுவே அம்புக்குறிகளும் ஆங்கில எழுத்துகளும் சரிவுக் கோடுகளுமாகத் திரை நிறைந்துவிட்டது. யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். போனை அணைத்து, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே நானாவிடம் ஓடினேன். அவர் ஒரே ஒரு இடத்தைத் தொட்டார். என் எழுத்து பழையபடி வந்தது.

"இதுதான் நீங்க கேட்ட கோட்" என்றார். "எல்லார் பக்கத்துக்கும் அடியில இது இரிக்கி. நீங்க பாக்காம இரிந்தாப் போதும்."

நமக்குத் தெரியாமல் அடியில் என்னவோ ஓடிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்காமல் இருந்தால் போதுமாம். அதற்குப் பிறகு நிம்மதி எங்கே வரும்? ஆனாலும் பதிவை வெளியிட்டேன்.

யாருக்கும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் அடுத்த நாள், பார்த்தவர்கள் என்ற இடத்தில் எண்ணிக்கை ஏறியிருந்தது. சாயங்காலம் பார்த்தால் இன்னும் கூடியிருந்தது. லேப்பில் பக்கத்து மேசையில் இருப்பவளைக் கவனித்தேன். வீட்டில் என் கணவரைக் கவனித்தேன். அவர் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து இறக்கும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் நானாதான் விளக்கினார், நான் திறந்து திறந்து பார்ப்பதையும் அது எண்ணுகிறதாம். என்னை நானே வேவு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் வருகையை எண்ணாமல் விடும் வழியை அவர் செய்துகொடுத்தார். எண்ணிக்கை நின்றது. கொஞ்ச நாள் அப்படியே நின்றது.

பிறகு ஒரு நாள் ஒன்று கூடியது. இந்த முறை அது நான் இல்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தேன். எங்கள் லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு டேங்கி இருக்கிறது. அதிலிருந்துதான் நாங்கள் குடம் வைத்துப் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் வருகிறது. டேங்கியின் மூடி உடைந்து வெகு காலம். மழை விட்ட பிறகு சில நாட்களாகத் தண்ணீரில் ஒரு வாடை. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் கறுப்பாகப் படிந்தது. அதை அப்படியே எழுதினேன். தோட்டத்தின் பெயர் இல்லை, டிவிஷன் பெயர் இல்லை, யாரையும் குறை சொல்லவில்லை.

அதன் கீழே முதல் தடவையாக ஒரு கருத்து வந்திருந்தது. பெயர் இல்லை.

"நான் உங்கள் எழுத்தை வாசிக்கிறேன். அது நல்லது. உங்கள் தண்ணீரின் நிறம் எது? சிறிய பிள்ளைகளின் வயிறு போகிறதா?"

பஸ்ஸில் நின்றபடி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இது எந்த ஊர்த் தமிழ்? எங்கள் ஆட்கள் இப்படி எழுத மாட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், இந்தியாக்காரர்கள்கூட இப்படி எழுத மாட்டார்கள். தன் தமிழை ஒளிக்கிற ஒருவர்தான் இப்படி எழுதுவார் என்று எனக்குப் பட்டது. தன்னை ஒளிப்பவர் எனக்குத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். பதில் போடவில்லை.

அடுத்த வாரமே சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் போத்தல்களோடு வந்து டேங்கிக்கு ஏறிப்போனார். தண்ணீர் பிடித்துக்கொண்டு இறங்கி, தோட்டத்து அலுவலகமான கந்தோருக்குப் போனார். அன்று சாயங்காலம், வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் பேசியது ஒரே விஷயம்தான்: யார் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டது?

தலைவர் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, என் கணவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"ஒங்க லேப்புல தண்ணியெல்லாம் பாப்பாங்களா புள்ள?"

"இல்லீங்க. ரத்தம், ஒண்ணுக்கு மட்டுந்தான்."

"இல்ல, ஒரு போத்தல்ல கொண்டுபோயிக் குடுத்தா பாக்க ஏலாதா?"

"ஏலாதுங்க."

"சரி சரி. தோட்டத்துத் தொரை கேட்டாரு, அதான் கேட்டேன். தோட்டத்து வேலையில இருக்குறவங்க வீட்டுலருந்து இப்படிப் போனா நல்லாருக்காது பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் போன பிறகு என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, "நீ எப்பப் பாரு போன நோண்டிக்கிட்டே இருக்கியே, யாரு கூடப் பேசுற?" என்றார்.

"யாரு கூடயும் இல்லீங்க."

"தனியா சிரிக்கிற. நான் வந்தா மூடிர்ற."

அவர் கண்ணில் இருந்த சந்தேகத்தை நான் லேப் கவுண்டரில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது என் பக்கம் திரும்பியது அன்றுதான். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர்மேலேயே சந்தேகம் இருந்தது. ஒருவேளை இவருக்கு எல்லாம் தெரிந்து, என் வாயிலிருந்து வரட்டும் என்று கேட்கிறாரோ? அந்தக் கோணல் தமிழ்கூட இவருடைய விளையாட்டோ?

அதைக் கண்டுபிடிக்க ஒரு காரியம் செய்தேன். அவர் அப்போது முடி கொட்டுவதற்காக ஒரு மூலிகை எண்ணெய் தேய்க்கத் தொடங்கியிருந்தார். அதன் வாசம் மாட்டு மருந்து வாசம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் பக்கத்தில் ஒரு பதிவு எழுதினேன். ஒரு வீட்டுக்காரரும் அவருடைய எண்ணெயும், அந்த வாசம் பட்ட தலையணை உறையும், அதைச் சொல்ல வாய் வராத மனைவியும். அவர் வாசித்தால் எண்ணெயை நிறுத்துவார் என்பது என் கணக்கு.

மறுநாள் காலை அவர் எண்ணெய் தேய்க்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு பேசாமல் வேலைக்குப் போனார். லேப்பில் ஒரு ரிப்போர்ட்டைத் தவறான உறையில் போட்டு, நல்ல வேளையாக ஒட்டுவதற்கு முன் கண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அவர் புதுப் போத்தலைத் திறந்துகொண்டிருந்தார். பழையது முடிந்துவிட்டதாம். அன்று வழக்கத்தைவிடக் கூடுதலாகவே தேய்த்தார்.

அப்படியென்றால் அவர் இல்லை. பிறகு யார்?

பதில் வந்தது ஒரு சனிக்கிழமை. எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கைக்குழந்தை. நிறை பார்க்க மிட்வைஃப் மிஸ்ஸி வந்திருந்தார். கம்பளைப் பக்கத்துச் சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். எங்களோடு சேர்த்து இன்னும் சில தோட்டங்களை அவர்தான் பார்க்கிறார். நான் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் கேட்டார்.

"பாப்பா வயிறு போறதா?"

கையில் இருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டேன். நாங்கள் வயித்தால போகுது என்போம். சிங்களத்தில் வயிறு போகிறது என்பார்கள். அந்தச் சிங்களம் தமிழ் உடுத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறது. எனக்குப் புரியாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

அவர் வேலை முடிந்து ரோட்டுக்கு இறங்கும்போது பின்னாலேயே போனேன். தேயிலைக்கு நடுவே படி இறங்குகிற இடத்தில், யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"மிஸ்ஸி, என் பக்கத்த ஒங்களுக்கு யாரு காட்டினது?"

"என்னா பக்கம்?"

"தண்ணி நெறம் என்னான்னு கேட்டீங்களே, அது."

அவர் படியில் நின்றார். பிறகு தன் போனை எடுத்துத் திறந்து காட்டினார். பனி மலையும் என் எழுத்தும் இருந்தன.

"இது நீங்க?" என்றார். "ஐயோ, எனக்குத் தெரியாது. நான் நினைச்சது வேற தோட்டம்."

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கு நான் யார் என்று தெரிந்திருக்கவே இல்லை. அவ்வளவு நாள் ஒளித்து வைத்ததை நானே படி இறங்கி வந்து சொல்லியிருக்கிறேன்.

பாதி அவருடைய தமிழிலும் பாதி என் சிங்களத்திலுமாக அவர் மீதியைச் சொன்னார். லயத்துப் பெண்கள் அவரிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்களாம், வேறு ஒன்றும் பேச மாட்டார்களாம். தமிழ் பழக வேண்டுமென்று, வாசிக்க லேசாக ஏதாவது இருக்கிறதா என்று நானாவிடம் கேட்டிருக்கிறார். நானா என் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு பதிவையும் போனில் சிங்களத்துக்கு மாற்றி, பிறகு தமிழில் வாசித்துப் பார்ப்பாராம். தண்ணீரைப் பற்றி வாசித்ததும், இது தான் பார்க்கும் தோட்டங்களில் எது என்று தெரியாமல் எல்லா டேங்கிகளுக்கும் ஏறிப் பார்த்திருக்கிறார்.

"மூணு டேங்கி சரியில்ல" என்றார். "மூணும் பரிசோதகர் ஐயாவுக்கு எழுதிக் குடுத்தேன். உங்கது ஒண்ணு."

"என் பேரச் சொன்னீங்களா?"

"பேர் தெரியாதே."

"இப்பத் தெரியுமே, மிஸ்ஸி."

அவருக்கு முகம் சுருங்கியது. நான் சொன்ன விதம் அப்படி. "நான் எத்தனை வீட்டு விஷயம் தெரிஞ்சு வச்சிருக்கேன், தெரியுமா?" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, நிறை பார்க்கும் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அதைத்தான் நானும் ஒவ்வொரு நாளும் கவுண்டரில் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அன்று அவரை நம்ப எனக்கு முடியவில்லை.

திங்கட்கிழமை நானாவிடம் போனேன்.

"நீங்க எப்படி அடுத்தவங்களுக்குக் குடுப்பீங்க?"

அவர் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிறுத்தினார். "ஒங்கட பேர சொல்லல்ல தங்கச்சி. வாசிக்கத்தானே எழுதினீங்க?"

"வேற யாருக்குக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"ஏன்ட மகளுக்கு" என்றார் தயங்கி. "அவளுக்கு அந்தச் சீருடை காயவைக்கிற கத நல்ல விருப்பம்."

கோபத்தோடு வெளியே வந்தேன். கொஞ்ச காலம் ரீலோட் போடக்கூட வேறு கடைக்குப் போனேன்.

ஆனால் வீட்டில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று அந்தத் திங்கட்கிழமையே முடிவு செய்திருந்தேன். தலைவர் வாயிலிருந்து கேட்பதைவிட என்னிடமிருந்து கேட்கட்டும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு போனைத் திறந்து கணவர் கையில் கொடுத்தேன்.

"நான் யாரு கூடயும் பேசல. இதத்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."

இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்தார். அவர் மெதுவாகத்தான் வாசிப்பார், உதடு அசையும். நான் உள்ளே பாத்திரம் கழுவுவதுபோல நின்றுகொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். தண்ணீர்ப் பதிவுக்கு வந்ததும் தலையைத் தூக்கினார்.

"அப்ப நீதான் பெட்டிசம் போட்டது."

"போடலீங்க. எழுதினேன். மிட்வைஃப் மிஸ்ஸி வாசிச்சுட்டுச் சொல்லியிருக்காங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்." மறுபடி வாசித்தார். "யாரு பேரும் இல்லையே."

"இல்லீங்க."

"மேல இருக்குறது எந்த மலை?"

"தெரியலீங்க. அதுவா வந்துச்சு."

அடுத்த பதிவுகளுக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். எண்ணெய்ப் பதிவில் இருந்தார். ஒரு கையால் தன் தலையைத் தடவி, கையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

"மாட்டு மருந்தா?" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்கிட்டச் சொல்ல ஏலாது, ஊருக்குச் சொல்ல ஏலும், என்ன?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குரல் புண்பட்டவர் குரல். அன்று சாயங்காலமே அந்தப் பதிவை அழித்துவிட்டேன். எண்ணெயை அவர் நிறுத்தவில்லை. தலையணையை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டார், சில நாட்கள்.

டேங்கியைக் கழுவி, புது மூடி போட்டார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, தான் தொரையிடம் பல தடவை பேசித்தான் இது நடந்தது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் என் கணவரும் சத்தமாகவே தட்டினோம். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. அந்த ஒரு சிரிப்பை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

மிஸ்ஸி யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை நாளுக்குப் பிறகும் விஷயம் வெளியே வராததால் இதைச் சொல்கிறேன். லயத்துக்கு வந்தால் மற்றப் பெண்களைப் பார்ப்பதுபோலத்தான் என்னையும் பார்ப்பார். கருத்து எழுதுவது மட்டும் நிற்கவில்லை, தமிழும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வருகிறது. நானாவின் கடைக்கு மறுபடி போகிறேன். கருத்துகளை நான் பார்த்து அனுமதித்தால் மட்டுமே வெளியே தெரியும்படி அவரிடமே செய்துகொண்டேன்.

இப்போது எண்ணிக்கையில் ஏதேதோ நாடுகள் காட்டுகிறது. அதில் பாதி மனிதர்களே இல்லை, இயந்திரங்கள் என்கிறார் நானா. மீதிப் பாதி யார்? அதை அவரும் சொல்லவில்லை.

போன மாதம் புதிதாக ஒரு கருத்து வந்தது. சுத்தமான எங்கள் தமிழ். "அக்கா, எங்க தோட்டத்துலயும் தண்ணி இப்படித்தான் வருது." பெயர் இல்லை. அக்கா என்று எப்படித் தெரிந்தது என்று பல நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அனுமதித்து, கீழே பதில் எழுதினேன்: "எந்தத் தோட்டம்?"

இதுவரை பதில் இல்லை. நான் யார், எதற்காகக் கேட்கிறேன் என்று திரைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும்.